காரீயத் தொப்பி

என் பெரியம்மாவின் பால் விஷம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். மற்றபடி சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் ஆரம்பித்து யார் செத்தால் யார் முதலில் அழுவது என்பதுவரை எங்களுக்குள் எதுவும் ஒத்துப் போனதில்லை. அவளுக்கு முதலில் பிறந்த மூன்று குழந்தைகளும் வருஷம் திரும்புவதற்குள் செத்துப் போயின. வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தி, கடைசியில் வலிப்பு வந்து கை கால் வெட்டி இழுத்துச் செத்தன என்று சொல்வார்கள். நாலாவது நான். பிறந்த அன்றே என்னை அவளிடமிருந்து எடுத்து, அப்போது கைக்குழந்தையோடு இருந்த அவள் தங்கையிடம் கொடுத்துவிட்டார்கள். நான் பிழைத்தேன், வளர்ந்தேன், இன்றைக்கு ஐம்பதைத் தாண்டித் தொப்பையும் போட்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு எதிரான சாட்சி நான்தான். வளர்த்தவளை அம்மா என்றும் பெற்றவளைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டேன். யாரும் இதை என்னிடம் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்து வைக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் அடங்காது.

பெரியம்மாவும் அப்படியே நம்பினாள். அதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. அவள் வீட்டுக்காரர், அதாவது என்னைப் பெற்றவர், நான் பிறந்த சூட்டோடு வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அங்கே பிறந்ததெல்லாம் கொழுகொழுவென்று வளர்ந்தன. அந்தப் பழியும் இவள் தலையில்தான் விழுந்தது. இவள் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் காஜா எடுக்கிற வேலைக்குப் போனாள். பொத்தான் நுழைகிற ஓட்டையின் விளிம்பு பிரிந்து வராமல் நூலால் சுற்றிக் கட்டுகிற வேலை. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தைக் குனிந்தே ஆயுசைக் கழித்தாள்.

அழுமூஞ்சி என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறையில் அவளுக்கு வாயாடி என்று பெயர். மேஸ்திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதை அவருக்குப் பின்னாலேயே நடந்து காட்டிவிட்டு, அவர் திரும்புவதற்குள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஆனால் யாராவது கைக்குழந்தையோடு வந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிடும். எழுந்து தள்ளிப் போய் நிற்பாள். குழந்தையைக் கையில் திணிக்கப் பார்த்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். என் மகளை அவள் ஒரு தடவைகூடத் தூக்கினதில்லை. கவுன் கவுனாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அளவைத் தூரத்தில் நின்று கண்ணாலேயே எடுப்பாள், அது அச்சாகப் பொருந்தும்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை என்பதால் என் மகளும் அப்போது பிறந்த குழந்தையோடு எங்களிடம்தான் இருந்தாள். மாடியில் குழந்தை, கீழே முன்னறையில் பெரியம்மா. குழந்தையைக் கீழே கொண்டுவந்தால் இவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுந்து ஓட முடியாதவளுக்கு வேறு என்ன வழி?

"ஒரு நாள் இவனை அவங்க மடியில வச்சிட்டு நான் பாட்டுக்கு ஓடிடப் போறேன்ப்பா," என்றாள் மகள். அவளுக்கு என் கோபம்.

எனக்கும் அந்த ஆசைதான். பெரியம்மா கண் மூடுவதற்குள் ஒரு தடவையாவது ஒரு குழந்தையைப் பயமில்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் இந்த வயதில் எனக்கு இல்லை.

பெரியம்மா குடியிருந்த ஒற்றை அறையைக் காலி செய்யப் போனேன். கட்டிலுக்கு அடியில் அவளுடைய பொத்தான் டப்பா இருந்தது. திறந்தால், பொத்தான்களுக்கு நடுவில் ஒரு சின்ன உலோகத் தொப்பி. கட்டை விரலின் பாதி உயரம் இருக்கும். கீழே வட்டமாக அகன்ற விளிம்பு, நடுவில் குவிந்த மண்டை, உச்சியில் ஊசி நுழைகிற மாதிரி இரண்டு மூன்று ஓட்டைகள். உள்ளே பஞ்சை அடைத்து ஊசிகளைக் குத்தி வைத்திருந்தாள். ஆனால் ஊசி குத்துவதற்காகச் செய்த சாமான் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஏகப்பட்ட பழசு. அளவுக்குப் பொருந்தாத கனம்.

என்ன உலோகம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நகத்தால் கீறினேன், கீறின இடம் பளிச்சென்றது. காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் மாதிரி கோடு விழுந்தது. காரீயம். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு, இது வேறு. நான் குழாய் வேலைக்காரன். பழைய வீடுகளில் இந்தக் காரீயத்தால் செய்த தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போடுவதுதான் வருஷக்கணக்காக என் பிழைப்பு. தண்ணீரில் கரைந்து உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள், சின்னக் குழந்தைகள் தாங்காது என்று சொல்லி, குழந்தை இருக்கிற வீடுகளுக்குத்தான் முதலில் எங்களை அனுப்புவார் மேற்பார்வையாளர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைத்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார்.

ஆக, எதனால் செய்தது என்று தெரிந்தது. எதற்காகச் செய்தது என்று தெரியவில்லை. பெரியம்மாவிடமே கேட்டிருக்கலாம். அப்போது அவள் வலி மாத்திரை மயக்கத்தில் இருந்தாள், மேஸ்திரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். தவிர எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புதிர் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் விடையை இன்னொருவர் வாயால் கேட்கப் பிடிக்காது. தொப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரையே சுற்றி வந்தேன்.

"உங்க மூளைக்கு அளவெடுத்து செஞ்சிருக்காங்க," என்றாள் என் மனைவி.

கூட வேலை பார்க்கிறவன் தூண்டிலில் கட்டுகிற குண்டு என்றான். குண்டுக்கு எதற்கடா விளிம்பு என்றதற்கு, மீன் தலையில் வெயில் படாமல் இருக்க என்றான். கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி, மெழுகுவர்த்தியை அணைக்கிற குல்லா என்று தீர்ப்பு சொன்னார். ஈயம் சூட்டில் இளகிவிடாதா என்று கேட்டேன். "அப்ப எதுக்கு என்கிட்ட வந்த? நீயே கண்ணாடியை மாட்டிக்க," என்று கோபித்துக்கொண்டார். பழைய சாமான் கடைக்காரன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முகர்ந்து பார்த்தான். எதற்கு முகர்ந்தான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விடை என் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது.

குழாய் வேலைக்காரன் வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு ரோசம் வந்து, ஒரு நாள் காலையில் ஸ்பானரோடு சிங்க்குக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து எதையோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவான, மெத்தென்ற ஒரு தொப்பி. கீழே வட்டமாக விளிம்பு. நடுவில் குவிந்த மண்டை. உச்சியில் ஓட்டைகள்.

பையிலிருந்து என் தொப்பியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"அதைத் தொடாதீங்க, கொதிக்க வச்சு எடுத்தது. குழந்தை வாய்ல போற சாமான்," என்று சொல்லிக்கொண்டே மனைவி உள்ளே வந்தாள்.

"என்னது இது?"

"உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குழந்தை கடிச்சுக் கடிச்சு அவளுக்குக் காம்பெல்லாம் வெடிச்சுப் புண்ணாகிப் போச்சு. பால் குடுக்கறப்ப மேல வச்சுக்கச் சொல்லி நர்ஸ் குடுத்தாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி, அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். ஒழுகுகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு அந்த நர்ஸைத் தேடிப் போனேன்.

நர்ஸ் தொப்பியைக் கையில் வாங்கவில்லை. மேஜை மேல் வைக்கச் சொல்லிப் பார்த்தார். "ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஈயத்துலயும் செஞ்சிருக்காங்கன்னு படிச்சிருக்கேன். இப்ப இருக்கற மாதிரி பால் குடுக்கறப்ப போடறது இல்ல. மத்த நேரத்துல போட்டு மூடி வச்சுக்கணும். புண்ணு ஆறும், சில்லுனு இருக்கும். ஆனா கசியற பால் உள்ள தேங்கி ஈயத்தைக் கரைச்சுக்கிட்டு வந்துடும். குழந்தை வாய் வைக்கறப்ப முதல்ல அதைத்தான் குடிக்கும்."

"குடிச்சா?"

"வெளுத்துப் போகும். வயித்து வலியில கத்தும். அப்புறம் வலிப்பு வரும்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், "உங்க வீட்ல யாரும் இதை உபயோகிக்கலையே?" என்றார்.

மேஜை மேல் இருந்த தொப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவை எழுப்பி அப்போதே சொல்லிவிடத் துடித்தேன். உன் பாலில் ஒரு குறையும் இல்லை, ஊரே உன்னை ஏமாற்றிவிட்டது, குழந்தையை வாங்கு என்று சொல்ல வேண்டும். மனைவி குறுக்கே நின்றாள்.

"சொல்லாதீங்க."

"ஏன்? ஆயுசு பூரா பழி சுமந்தவ. இறக்கி வைக்க வேணாமா?"

"இறக்கி வைக்கறேன்னு வேற ஒண்ணைத் தூக்கி வைக்கப் போறீங்க. பால் கெட்டதுன்னா அது அவங்க உடம்பு, அவங்க என்ன பண்ண முடியும்? அந்தச் சனியனை எடுத்து மாட்டிக்கிட்டது அவங்க கை. யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்தேன். அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது. சரி என்று ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. பெரியம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது, நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

மாத்திரை மயக்கம் விட்டு அவள் எழுந்து உட்காரத் தொடங்கினதும், ஒரு மத்தியானம் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"என் பொத்தான் டப்பா எங்கடா?"

"பத்திரமா இருக்கு."

"அதுல ஒரு தொப்பி இருக்கும், சின்னது. எடுத்து உன் பொண்ணுகிட்ட குடு. மேல அவ பால் குடுக்கறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு அழற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எங்க மாமியார் துணி வெளுத்த வீட்ல ஒரு அம்மா குடுத்தது. மாமியார் எனக்காகக் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் குழந்தை கிட்ட வர மாட்டேன், பயப்படாத. அந்தச் சாமான்ல ஒரு குத்தமும் இல்ல. அந்த நாள்ல எனக்கு நல்லது செஞ்சது அது ஒண்ணுதான். அதான் தூக்கிப் போட மனசு வராம வச்சிருக்கேன்."

காணாமல் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள், எதைச் சொன்னாலும் நம்பினவள்தானே. மனைவி சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் 'நல்லது செஞ்சது' என்று அவள் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"அது ஈயம், பெரியம்மா," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குழாய்களைப் பற்றிச் சொன்னேன், நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். உன் பாலில் ஒன்றுமே இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

அவள் அழவில்லை. பட்டறையில் புது மாதிரிச் சட்டை வந்தால் விவரம் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

"கசிஞ்சு உள்ள நிக்குமே, அந்தப் பாலா?"

"ஆமா."

"தொப்பியைக் கழுவியிருந்தா?"

"கழுவினாலும் ஈயம் ஈயம்தானே, பெரியம்மா."

"மாரைக் கழுவிட்டுக் குடுத்திருந்தா?"

எனக்குப் பொய் வரவில்லை. "கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல் குழந்தைக்கு வலி தாங்காதப்ப மட்டும்தான் போட்டேன். அது கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு. குப்புற விழுந்து, தவழக்கூடப் பாத்துச்சு. அது போனதும் பால்தான் கெட்டதுன்னு சொல்லிட்டாங்க. பால்ல இருக்கற கெட்டதை அந்தத் தொப்பி இழுத்துக்கும்னு மாமியார் சொன்னாங்க. அவங்களும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. மூணாவதுக்கு நான் அதைக் கழட்டவே இல்லடா. நழுவிடக் கூடாதுன்னு துணியை வச்சு இறுக்கிக் கட்டினேன். அதுதான் எல்லாத்தையும் விட சீக்கிரம் போச்சு."

மாடிப்படியில் என் மகள் நின்றிருந்தாள், கையில் குழந்தையோடு. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. இறங்கி வந்து கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து குழந்தையை நீட்டினாள்.

"உங்க பால்ல ஒண்ணும் இல்ல பாட்டி. அப்பா சொன்னாங்க இல்ல? வாங்கிக்கங்க."

பெரியம்மா இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். காலிலிருந்து தலைவரை, கண்ணாலேயே அளவெடுப்பது மாதிரி பார்த்தாள். பிறகு கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பால் இல்லம்மா. கட்டினது இந்தக் கைதான்," என்றாள். "கொண்டு போ. தூங்க வை."

மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பொத்தான் டப்பாவைக் கேட்கவில்லை. தொப்பியை நான் வெட்டின குழாய்த் துண்டுகளோடு சேர்த்துப் போட்டு மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவளைச் சிரிக்க வைக்க மேஸ்திரியின் நடையை நடந்து காட்டினேன். மரியாதைக்கு உதட்டை அசைத்தாள். வாழ்நாளெல்லாம் சுமந்ததை இறக்கி வைக்கிறேன் என்று போய் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தினமும் தெரிந்தது. வேலைக்குப் போன வீடுகளில் ஈயக் குழாயை வெறி பிடித்தவன் மாதிரி பிடுங்கினேன்.

பிறகு ஒரு நாள் முகம் கழுவ அவளுக்கு வெந்நீர் கொண்டுபோனேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத் தூக்கிட்டுப் போனாங்க இல்ல, அப்ப நீ ரொம்ப அழுவ," என்றாள். "நானும் உங்கம்மாவும் ஒரே வீட்லதான் இருந்தோம், நடுவுல ஒரு சுவர். அவளுக்கு ரெண்டு பேருக்குப் பால் பத்தல. ஆரம்பத்துல நீ பசியில கத்திக்கிட்டே இருப்ப. சத்தம் கேட்டா எனக்கு இங்க தானா சுரந்து ரவிக்கை நனைஞ்சுடும். மாரெல்லாம் கல்லு மாதிரி கட்டிக்கும். கொல்லைக்குப் போய்ப் பீச்சிக் கொட்டுவேன். பூனை நக்கிட்டுச் செத்துடப் போகுதேன்னு மேல மண்ணைத் தள்ளி மிதிச்சு விடுவேன்."

நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தொப்பியைக் கழட்டி வச்சுட்டேன். அப்ப புண்ணு இல்ல, எதுவும் இல்ல," என்றாள். "அது நல்ல பாலாடா?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா," என்றேன்.